பழைய வண்டியும் புதிய வீதியும்

திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குச் செல்வோர் தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் ஒன்றுசேரும் நீர்வழியைக் கடத்தல் வேண்டும். 2009 ஆம் ஆண்டு வரை, மக்கள் ‘பாதை’ என வழங்கிய மிதவையே அவ்விடத்தில் மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்றது. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பெற்றது. 2011 ஆம் ஆண்டில் அதே மட்டக்களப்பு வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. பள்ளமும் மேடுமாய்க் கிடந்த வீதி செப்பனிடப்பட்டது. துறையிலே காத்து நின்று, பின் குழிகளுக்கு அஞ்சி ஊர்ந்து சென்ற வண்டி, இன்று தடையின்றி விரைந்தோடுகின்றது. வீதி புதியதாயிற்று, ஆனால் அதில் ஓடும் வண்டிகள் யாவும் புதியனவல்ல.

பழைய வண்டிகள் இந்நாட்டில் நீடித்து வாழ்வதற்குத் தக்க காரணங்கள் உள. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதே காரணத்தால் 2020 மார்ச் மாதத்தில் மீண்டும் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே திறந்துவிடப்பட்டது. ஆதலால் தந்தை வாங்கிய வண்டியை மைந்தன் பேணுதல் இங்கு ஆடம்பரமன்று, தேவையாகும். அவ்வாறு பேணப்பட்டவற்றுள் முதன்மையானது மொறிஸ் மைனர். அவ்வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பழைய வண்டியொன்றைப் புதிய வேகத்துக்கு ஏற்றதாக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மொறிஸ் மைனர், 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அதன் முன்சில்லுகள் இரண்டும் ஒன்றையொன்று சாராது தனித்தனியே அசைவன. அவற்றைத் தாங்குவது சுருள்வில்லன்று. வண்டியின் நீளப்பாட்டிலே கிடக்கும் முறுக்குத்தண்டு. சில்லு மேலெழும்போது இவ்வுருக்குத்தண்டு முறுகி, மீண்டும் தன்னிலைக்கு வர முயல்கின்றது. பின்புறத்திலோ, சில்லுகள் ஒரே அச்சிற் பூட்டப்பட்டு, மாட்டு வண்டி வில்லை நினைவூட்டும் தகட்டு வில்லின்மீது அமர்ந்துள்ளன. நான்கு மூலைகளிலும் எண்ணெய் நிறைந்த நெம்புகோல் வகைத் தணிப்பான்கள் உள. கராச்சுகளில் இவை ‘சொக் அப்சோபர்’ எனப்படும்.

இவையெல்லாம் சேர்ந்த தொங்கலமைப்பின் கடமை யாது? பயணிகளின் உடல் குலுங்காது காத்தலே என்பர் பலர். அது பாதியுண்மை. மற்றப் பாதி, ஒவ்வொரு ரயரையும் எக்கணமும் வீதியோடு பொருந்தியிருக்கச் செய்தல். திரும்புதல், நிற்றல், விரைதல் ஆகிய மூன்றும் ரயர் வீதியைப் பற்றும் பற்றினால் நிகழ்வன. சில்லு நிலத்தைவிட்டு எழும்பிய கணத்தில் ஸ்ரியறிங்கும் பிறேக்கும் பயனற்றவை.

இங்கேதான் பரவலான தவறொன்று நேர்கின்றது. வளைவிலே வண்டி ஒருபுறம் சரியக் கண்டோர், ‘வில் மென்மையானது, அதனைக் கடினமாக்குக’ என்பர். வில்லின் விறைப்புக்கும் வண்டியின் அலைவுக்கும் உள்ள தொடர்பை அறிந்தால் இக்கூற்றின் குறை விளங்கும். தண்டின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப முறுக்குத்தண்டின் விறைப்பு மாறும். விட்டத்தைப் பத்து வீதத்தாற் கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ 46 வீதத்தாற் கூடும். அலைவின் மீடிறன் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவதால், அது 21 வீதம் உயரும். செக்கனுக்கு ஒன்று முதல் ஒன்றரை அலைவு வரை மனித உடல் இலகுவிற் பொறுக்கும். அதற்கு மேற் செல்லச் செல்ல வண்டி உதறும். உதறும் வண்டியின் சில்லு, கரடான வீதியிலே துள்ளும். துள்ளும் சில்லுக்குப் பற்று ஏது? பிரதான வீதி செப்பமானதாயினும், வயலுக்கும் கடற்கரைக்கும் செல்லும் கிளைப்பாதைகள் மணலும் குழியுமாயிருத்தலை மறத்தலாகாது.

மேலும், வளைவிலே உட்புறச் சில்லிலிருந்து வெளிப்புறச் சில்லுக்குப் பாரம் மாறுவதை வில்லின் விறைப்பு தடுப்பதில்லை. அப்பாரமாற்றத்தின் மொத்த அளவைப் பெரும்பாலும் நிருணயிப்பவை நான்கு: வண்டியின் நிறை, ஈர்வை மையத்தின் உயரம், இருபுறச் சில்லுகளுக்கும் இடைப்பட்ட தடவகலம், வளைவில் எழும் ஆர்முடுகல். பயணிகளுடன் 800 கிலோகிராம் நிறையுள்ள வண்டியின் ஈர்வை மையம் அரை மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்க. தடவகலம் 1.28 மீற்றர். புவியீர்ப்பு ஆர்முடுகலின் பாதியளவோடு அது வளைந்தால், ஏறத்தாழ 156 கிலோகிராம் பாரம் வெளிப்புறத்துக்கு மாறும். வில்லை இரட்டிப்பு விறைப்பாக்கினும் இத்தொகை பெரிதும் மாறாது. கண்ணுக்குத் தெரியும் சரிவே குறையும்.

இவ்வுண்மையை இசிகோனிஸ் நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு வண்டியே சான்று. உற்பத்திக்குச் சற்று முன்னர், மாதிரி வண்டி ஒடுங்கியதாய்த் தோன்றவே, அதனை நீளப்பாட்டில் இரண்டாக அறுத்து, நடுவே 4 அங்குலம் அகலப்படுத்தச் செய்தார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்நாளைய திருத்தத்தின் அடையாளமாகும். மேற்கண்ட கணக்கில் தடவகலம் அவ்வளவு குறைந்திருப்பின், மாறும் பாரம் 170 கிலோகிராம் வரை ஏறியிருக்கும். கடின வில்லாற் பெறவியலாத நன்மையை அகலம் தந்தது.

எனவே, கைப்பொருள் குறைந்த ஒருவர் எவ்வரிசையிற் செலவிடல் வேண்டும்? முதலாவது இடம் புதுப்பித்தலுக்கே உரியது. மைனரின் முன்சில்லுத் தாங்கியின் மேலும் கீழும் திருகுபுரி வெட்டிய மூட்டுகள் உள. கிறீஸ் இடாது விட்டால் அப்புரிகள் தேய்ந்து, ஒருநாள் கீழ்மூட்டுக் கழன்று, சில்லு வண்டியின் கீழ் மடிந்துவிடும். மிதவைத் துறைக்கு ஊர்ந்து செல்கையில் இது நேர்ந்தால் வண்டி நிற்பதோடு முடியலாம். விரைந்து செல்லும்போது நேர்ந்தால் உயிர்களே போகலாம். இதனைத் தடுப்பது ஒரு கிறீஸ் துப்பாக்கியும் மறவாத வழக்கமுமே. நைந்த றப்பர் புஷ்களை மாற்றுதலும், தளர்ந்த பின்வில்லைச் சீராக்குதலும் இதனோடு சேர்ந்தவை.

இரண்டாவது, ரயர். இவ்வண்டி குறுக்கிழை ரயருக்கென வகுக்கப்பட்டது. இக்காலத்து ஆரையிழை ரயர் வளைவிலே மிகுந்த பற்றுத் தரும். ஆயின் நான்கையும் ஒருங்கே மாற்றல் வேண்டும். முன்னே ஆரையிழையும் பின்னே குறுக்கிழையும் பூட்டினால், முன்புறம் பற்றிநிற்கப் பின்புறம் வழுக்கி, வண்டி சுழல நேரும்.

மூன்றாவது, தணிப்பான். வண்டியின் ஒரு மூலையை அழுத்திக் கைவிட்டால், அது எழுந்து ஒருமுறை தாழ்ந்து அடங்குதல் வேண்டும். பலமுறை ஆடினால் தணிப்பான் பழுதென்க. குழாய்வகைத் தணிப்பானைப் பொருத்துதல் நல்ல மேம்பாடே. ஆயினும் மைனரின் முன்புறத் தணிப்பானின் கை, சில்லைத் தாங்கும் மேற்கையாகவும் பணிபுரிகின்றது என்பதை அறியாது அதனைக் கழற்றல் கூடாது. பின்புறத்தில், புதிய தணிப்பானின் விசை முன்னர் அதனைத் தாங்காத உடற்றகட்டிற் சேர்வதால், அவ்விடத்தை வலுப்படுத்தாது பொருத்தினால் துருவேறிய தகடு கிழியும்.

இவை மூன்றும் நிறைவேறிய பின்னரே வில்லையும் சரிவுத்தடைத் தண்டையும் பற்றி எண்ணல் வேண்டும். முன்புறத்தில் மட்டும் சரிவுத்தடைத் தண்டைப் பூட்டினால், பாரமாற்றத்தின் பெரும்பங்கு முன்சில்லுகளில் விழும். பாரம் இரட்டித்தால் ரயரின் பற்று இரட்டிப்பதில்லை. ஆகவே முன்புறம் முதலில் வழுக்கி, வண்டி திருப்பிய வழியிற் செல்லாது நேரே செல்ல முற்படும். இவ்வியல்பு ஓரளவு இருத்தல் பாதுகாப்பானது; மிகுந்தால் ஆபத்து. வண்டியைத் தாழ்த்துதல் ஈர்வை மையத்தை இறக்குமெனினும், சில்லு எழுவதற்குரிய இடைவெளியைக் குறைத்து, ஒவ்வொரு குழியிலும் அடிவயிற்றில் இடிவாங்கச் செய்யும். பிறேக்கைக் கவனியாது வேகத்தை மட்டும் வளர்த்தலும் பேதைமையே. 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பூட்டிய உற்பத்தியாளர், அதனோடு முன்பிறேக்கையும் 8 அங்குலமாகப் பெருப்பித்தனர். வலு கூடும்போது நிறுத்தும் ஆற்றலும் கூடவேண்டுமென்பது அவர்தம் கருத்து.

தொங்கலமைப்பை மேம்படுத்தல் என்பது கடினமாக்கலன்று; ரயரை வீதியோடு பிரியாதிருக்கச் செய்தலாகும். தேய்ந்ததைப் புதுப்பியாது புதியதைப் பூட்டுவோன், இற்ற சுவரின்மேல் மாடி எழுப்புவோனை ஒப்பான். பாலத்தின்மீது விரையும் பழைய வண்டியில் ஒரு குடும்பம் முழுவதும் அமர்ந்திருக்கின்றது. அவர்களைக் கரைசேர்ப்பது விலையுயர்ந்த உறுப்பாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. காலந்தவறாது இட்ட ஒரு கைப்பிடிக் கிறீசாகவும் இருக்கலாம்.