உஷார்! அது போதை இல்லை, மூச்சுத்திணறல்!

வீட்டில் யாருக்காவது வீசிங் இருக்கிறதா? இன்ஹேலர் வைத்திருக்கிறார்களா? முதலில் இதைப் படியுங்கள். அடுப்பு வேலை அப்புறம்.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன். முப்பது வயதுகூட இல்லை. நண்பனின் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி லாட்ஜில் பார்ட்டி. "ஒயின்தானே, உடம்புக்கு நல்லதுடா" என்று யாரோ நீட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு கிளாஸ்! அரை மணி நேரத்துக்குள் மூக்கடைப்பு, அடுக்கடுக்காகத் தும்மல். நெஞ்சுக்குள் விசில் சத்தம். பேச்சு வரவில்லை. போதை தலைக்கேறிவிட்டது என்று நினைத்து மல்லாக்கப் படுக்கவைத்து, லைட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்! இன்ஹேலர் எங்கே? கீழே நின்ற பைக்கின் சீட்டுக்கடியில். செல்போன் சார்ஜர் எடுக்க ஒருவன் உள்ளே வந்ததால் உயிர் தப்பியது. அப்போதே உதடு நீலம் பாரித்திருந்தது.

குடித்தால் ஈரல் கெடும், எல்லோருக்கும் தெரியும். மூச்சுக்குழாயும் சுருங்கும். இது தெரியுமா? ஆஸ்திரேலியாவில் ஆஸ்துமா உள்ளவர்களிடம் கேட்டு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவர் மது தங்களுக்கு இழுப்பை வரவழைத்ததாகச் சொன்னார்கள். அதில் முதல் குற்றவாளி ஒயின்தான். அது கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டிலிருந்து கிளம்பும் வாயு சிலருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். புளிக்கும்போது உண்டாகும் ஹிஸ்டமின் வேறு. "நான் பீர்தான்" என்பவர்களே, ஹிஸ்டமின் பீரிலும் உண்டு!

இன்னொன்று. மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் ஆகவே ஆகாது. மதுவும் இவர்களைத்தான் அதிகம் படுத்தும். ராத்திரி குடித்துவிட்டு, காலையில் தலைவலிக்கு அந்த மாத்திரையையும் போட்டால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

இதைப் பார்த்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்: ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் நடுவில் மூச்சு வாங்குவது. மூச்சிழுக்கும்போது தொண்டைக்குழியும் விலா இடுக்கும் உள்வாங்குவது. இன்ஹேலர் அடித்தும் அடங்காமலிருப்பது. உதடு, நகம் நீலமாவது. விசில் சத்தம் திடீரென்று நின்றும் ஆள் திணறுகிறாரா? சரியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம்!

படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து இன்ஹேலரைக் கொடுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்திருக்கிறாரே, டாக்டர் திட்டுவாரே என்று மறைக்காதீர்கள்; குடித்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீசிங் உள்ளவர்கள் மதுவைத் தொடவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நம் பேச்சைக் கேட்காமல் போகிற பிள்ளையா? இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்தனுப்புங்கள். எந்தப் பையில் இருக்கிறது என்று கூடப் போகிறவனிடமும் காட்டிவிடுங்கள்.