சாவித் துவாரச் சிகிச்சை

பூட்டிய அறையின் உட்புறத்தைச் சாவித் துவாரத்தின் வழியே காணலாம்; அதன் வழியே உள்ளே வேலையும் செய்ய இயலுமா? மருத்துவர்கள் செய்கின்றனர். மயக்கமளித்து, தொப்புளருகே சிறு துளையிட்டு, கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றினுள் இடம் உண்டாக்குவர். அதன் வழியே விளக்கும் காமிராவும் பொருந்திய குழல் செல்லும். வேறு சில துளைகளின் வழியே மெல்லிய கருவிகள் செல்லும். திரையிற் காணும் உருவத்தை நோக்கியே மருத்துவர் பணிபுரிவார்.

இம்முறையில் 1985-இல் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியவர் ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூஹே.

காயம் சிறிதாதலின் வலி குறைவு. விரைவில் வீடு திரும்பலாம். எனினும், துளை சிறிதென்பதால் சிகிச்சையும் சிறிதென்று எண்ணலாகாது. உள்ளே குருதி பெருகினாலோ, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, வயிற்றைத் திறக்க நேரிடும். அது தோல்வியன்று, உயிர்காக்கும் விவேகம். அதனை முன்னரே அறிந்து இசைவளிப்பதே நோயாளியின் கடமை.