கோனோசியா இர்ரோரேட்டா

கோனோசியா இர்ரோரேட்டா என்பது ஆப்பிரிக்கா, ஆசியா, ஆத்திரேலியா ஆகிய கண்டங்களில் காணப்படும் நெடுங்கால் ஈ இனமாகும். இந்தியாவிலும் பரவலாக உள்ளது. 1828ஆம் ஆண்டில் செருமானியப் பூச்சியியலாளர் வீடெமன் இதனை விவரித்தார்.

பெரிய கொசு எனக் கருதிப் பலர் இதனை அடித்துக் கொல்வதுண்டு. ஆனால் குத்தி உறிஞ்சும் உறுப்பு இதற்கு இல்லை. எனவே கடிக்க இயலாது. பெண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள கூரிய உறுப்பும் கொடுக்கு அன்று, முட்டையிடும் உறுப்பே.

மார்பின் மேற்புறத்தில் ஆங்கில 'வி' எழுத்து வடிவிலான பள்ளம் உண்டு. கொசுவுக்கு இது இல்லை. சிறகுகளில் பழுப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் உள்ளன. இலத்தீனில் 'இர்ரோரேட்டா' என்பதன் பொருளும் 'தெளிக்கப்பட்டது' என்பதே. பின்னிணைச் சிறகுகள் குண்டூசி போலச் சுருங்கியுள்ளன. பறக்கையில் உடல் திரும்புவதை உணர்த்துபவை இவையே. கால்கள் எளிதில் கழன்றுவிடும். காலைப் பற்றிய எதிரியிடம் அதனை விட்டுவிட்டு ஈ தப்பிவிடும். இழந்த கால் மீண்டும் வளராது.