வினாவழுவும் விடையின்மையும்

ஒருவர் எம்மிடம் ஒரு பொருளைக் குறித்து வினவுமிடத்து, நாம் இறுக்கத்தக்க விடைகள் மூன்று. பொருள் உண்டு என்பது ஒன்று. இல்லை என்பது மற்றொன்று. நுமது வினாவே பிழையுடைத்து என்பது மூன்றாவது. பின்னைய இரண்டிலும் வினவியவர் வெறுங்கையுடன் மீள்வாராயினும், அவை தம்முட் பெரிதும் வேறுபட்டன. செப்பும் வினாவும் வழுவாமற் காத்தல் வேண்டுமெனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்தமை தமிழ் கற்ற மாணவர் அறிந்ததே. அவ்விதி இக்காலக் கணினித் துறையிலும் எத்துணை இன்றியமையாதது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கப் புகுகின்றோம்.

மென்பொருள் எழுதுவோர் தம் ஆக்கங்களில் நிகழும் மாற்றங்களைப் பதிவுசெய்து பேணுதற்குப் பயன்படுத்தும் 'கிற்' என்னும் சாதனத்தை 2005 ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்சு என்பவர் ஆக்கினார். அச்சாதனம் எவ்வாறு இயங்கவேண்டும் என்பதைக் கூறும் அமைப்புக் குறிப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளில் உள்ளன. 'கிற் கொன்பிக்' என்னும் கட்டளையைத் தட்டெழுதி அவற்றை வினவி அறியலாம். குறிப்பின் முழுப்பெயர் தெரிந்தால் அதனையே கொடுக்கலாம். தெரியாவிடின், பெயரின் வடிவத்தை மாத்திரம் கூறி, அவ்வடிவினையுடைய யாவற்றையும் தருக எனக் கேட்கலாம்.

இங்ஙனம் வடிவத்தைக் கூறும் மொழிக்கு ஒழுங்குக் கோவை என்று பெயர். கணித அறிஞர் ஸ்ரீவன் கிளேனி 1956 இல் வெளியான தமது கட்டுரையில் இக்கருத்தை நிலைநாட்டினார். கென் தொம்சன் 1968 இல் இதனைக் கணினியில் எழுத்துகளைத் தேடும் முறையாக விளக்கினார். இம்மொழியிற் சில குறிகளுக்குத் தனிப்பொருள் உண்டு. புள்ளி யாதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும். பிறை அடைப்பு ஒரு தொகுதியைக் குறிக்கும். சதுர அடைப்பு எழுத்துக் கூட்டத்தைக் குறிக்கும். திறந்த அடைப்பை மூடாது விட்டால் கோவைக்குப் பொருளே இல்லை. இதுவே வினாவழு.

'கிற் கொன்பிக்' தன் வேலையை முடிக்குங்கால் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 எனின் விடை கிடைத்தது. 1 எனின் வினவிய பொருள் காணப்படவில்லை. 3 எனின் அமைப்புக் கோப்பே பழுதுற்றது. 6 எனின் கொடுத்த கோவை பிழையானது. கோவை பிழையெனில் ஒரு வழுச்செய்தியும் திரையில் தோன்றும். 'கிறெப்' என்னும் தேடற் கட்டளையும் இந்நெறியினதே: கண்டால் 0, காணாவிடின் 1, வழு நேரின் 2.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் யாது விளையும்? தொலைவிலுள்ள சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்த்தலை நிறுத்திவிடும் குறிப்பு ஒன்று கிற்றில் உண்டு. அதனை எல்லா முகவரிகட்கும் பொதுவாகவோ, ஒரு முகவரிக்கு மாத்திரமோ எழுதலாம்; ஆதலின் ஒரே பெயரால் முழுவதையும் வினவ இயலாது, கோவையே வேண்டும். ஒரு நிறுவனத்தின் நூறு கணினிகளிலும் இவ்வாபத்தான குறிப்பு உண்டோவெனச் சோதிக்க ஒருவர் கட்டளைத் தொகுதி ஒன்றை எழுதுகின்றார் எனக் கொள்வோம். கோவையில் ஓர் அடைப்பு மூடப்படவில்லை. நூறு கணினிகளும் 6 என்றே விடையிறுக்கும். தொகுதியோ, 0 அல்லாத யாவும் 'இல்லை' எனக் கொள்ளுமாறு எழுதப்பட்டது, வழுச்செய்திகளும் மறைக்கப்பட்டன. முடிவில், 'நூறும் பாதுகாப்பானவை' என்ற அறிக்கை வரும். ஒரு கணினியேனும் சோதிக்கப்படவில்லை என்பதை எவரும் அறியார். அறியாமை தன்னை அறியாமையென்று காட்டாது, நற்செய்தி போல வந்து நிற்பதே இதன் கொடுமை.

இதற்குப் பரிகாரம் இருபாலார் கையிலும் உண்டு. சாதனம் ஆக்குவோர், கோப்பைத் திறந்து தேடுமுன்னரே கோவையைப் பரிசோதித்தல் வேண்டும். தேடற்குரிய கோப்பு வெறுமையாயிருப்பினும் பிழையான கோவை பிழையே. பரிசோதனையில் தோற்ற கோவைக்காக நினைவகத்தில் அமைந்த உருவைப் பின்னர்த் தொடுதலும் ஆகாது. அதன் உள்ளடக்கம் வரையறுக்கப்படாதது என்று போசிக்ஸ் நியமம் கூறுகின்றது. சாதனத்தைப் பயன்படுத்துவோர் 0, 1, ஏனையவை என மூவகையாக எண்ணைப் பகுத்து, மூன்றாம் வகை வந்தவிடத்து வேலையை உடனே நிறுத்துதல் வேண்டும்.

எண் ஒன்றையே நம்பியிருத்தலும் போதாது. குறிப்பின் பெயர் முறைகேடாயிருப்பினும் கிற் 1 என்னும் எண்ணையே தருதல் உண்டு. எனவே வழுச்செய்தியையும் வாசித்தல் நன்று. மேலும், கோவை இலக்கணப்படி சரியாயிருந்தும் கருத்திற் பிழைத்தல் கூடும். அடைப்புக் குறிகள் உள்ள ஒரு கோப்புறைப் பெயரை அப்படியே கோவையாகக் கொடுத்தால், குறிகள் இரண்டும் தொகுதியாகக் கொள்ளப்பட்டு, உள்ள பொருளும் இல்லையென்றே வரும். எவ்வித வழுச்செய்தியும் தோன்றாது. குறிப்பின் பெறுமானத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டின், கோவையை விடுத்து, நிலைத்த பெறுமானமாகக் கொள்ளுமாறு பணிக்கும் தெரிவைப் பயன்படுத்தலே தக்கது.

கணினி கற்கும் எம் இளைய மாணவர் கட்டளைகளை விரைந்து எழுதப் பழகுவதோடு, அவை தோற்குமிடத்து எங்ஙனம் தோற்கின்றன என்பதையும் நோக்கப் பழகுதல் வேண்டும். பிழையான கோவை ஒன்றை வேண்டுமென்றே கொடுத்துத் தம் தொகுதி யாது கூறுகின்றதெனச் சோதித்தல் ஒரு நிமிட வேலை. அப்போதும் அது 'யாவும் நலம்' என்று கூறுமாயின், அதன் பிற விடைகளையும் நம்புதற்கில்லை.