மாட்டுக்கு 34 டிகிரி, 38-ஐ விடக் கொடுமை

மே 4 அன்று கத்திரி பிறக்கிறது. அதற்குள் பதில் சொல்லுங்கள் என்று தூத்துக்குடிக் கடலோரத்தை ஒட்டிய ஏரல், ஆத்தூர், முக்காணிப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே குழப்பம்தான். மாட்டுக்கு மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றுகிறோம், தொழுவைச் சுற்றி ஈரச் சாக்கும் கட்டிவிட்டோம், அப்புறமும் சாயங்காலம் நாக்கைத் தள்ளிக்கொண்டு இளைக்கிறதே, ஏன்? நிழல் வேண்டும், தொட்டியில் எந்நேரமும் குடிதண்ணீர் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் மாடு வளர்ப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் தண்ணீர், பிறகு சாக்கு.

28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் மாட்டின் முதுகில் பட்டு, 38 டிகிரிக்குச் சூடாகித் தரையில் வழிந்தால், அது கொண்டுபோகும் வெப்பம் 10 கிலோகலோரி. அதே ஒரு லிட்டர் முதுகிலேயே உலர்ந்து ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி. 400 கிலோ எடையுள்ள பசுவின் உடல் ஒரு டிகிரி தணிய 330 கிலோகலோரி போனால் போதும். ஆவியாகும் தண்ணீர் கொஞ்சம் வெப்பத்தைக் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். பாதிதான் மாட்டிலிருந்து எடுத்தது என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் ஏறக்குறைய முப்பது மடங்கு. ஆகவே எத்தனை வாளி ஊற்றினோம் என்று எண்ணிப் பயனில்லை. எவ்வளவு உலர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஏரலுக்குச் சங்கடம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் முதுகு உலராது. மேல்காற்று அடிக்கும் நாளில் பாத்தியில் உப்பு மளமளவென்று விளைவதும், புழுக்கமான நாளில் இழுத்தடிப்பதும் தூத்துக்குடிக்காரர்கள் அறிந்ததுதான். மாட்டின் முதுகிலும் நடப்பது அதுவே.

கால்நடை அறிவியலில் வெப்ப-ஈரப்பதக் குறியீடு என்று ஒன்று உண்டு. வெயிலையும் ஈரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவது. 72-ஐத் தாண்டினால் கறவை சுணங்கத் தொடங்கும் என்பது குளிர்நாட்டுப் பசுக்களை வைத்துப் போட்ட பழைய கணக்கு; நம் ஊர்க் கோடையில் அந்த 72 விடியற்காலையிலேயே தாண்டிவிடும் என்பதால் அந்த எல்லைக்கோட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல அளவுகோல். 38 டிகிரி வெயில், காற்றில் 25 சதவீத ஈரப்பதம் என்றால் குறியீடு 83. 34 டிகிரி, 65 சதவீதம் என்றால் 86. தெர்மாமீட்டரில் நான்கு டிகிரி குறைந்திருக்கிறது. மாட்டுக்குப் பாடு கூடியிருக்கிறது.

இனி வானிலைத் துறையின் 'வெப்ப அலை' வரையறையைப் பாருங்கள். கடலோர நிலையங்களில் அதிகபட்ச வெப்பம் குறைந்தது 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஈரப்பதத்துக்கு அதில் இடமே இல்லை. ஆகவே மேலே சொன்ன அந்த 34 டிகிரிப் பிற்பகல் வெப்ப அலை எச்சரிக்கையில் சிக்காமல் நழுவிவிடும். 'வெப்ப அலை இல்லை' என்று செய்தியில் வந்தால், அதை உங்கள் தொழுவுக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈரச் சாக்கு யோசனையும் இப்படி ஈரப்பதத்தைக் கணக்கில் எடுக்காததே. கோடைதோறும் வரும் கால்நடை அறிவுரைகளில் அது வழக்கமாக இருக்கும், உள்மாவட்டத்துக்கும் கடலோரத்துக்கும் ஒரே வாசகமாக. வறண்ட 38 டிகிரிக் காற்று ஈரச் சாக்கு வழியாக வந்தால், கணக்குப்படி 23 டிகிரி வரை தணிய இடமுண்டு. புழுங்கும் 34 டிகிரிக் காற்றோ 28-க்குக் கீழே இறங்கவே இறங்காது. நடைமுறையில் இரண்டிலும் பாதி கிடைத்தாலே அதிகம். கிடைக்கும் அந்த இரண்டு மூன்று டிகிரிக்காக நாலாபுறமும் சாக்கைத் தொங்கவிட்டுக் காற்றையும் அடைத்தால், மாடு தன் மூச்சிலும் வியர்வையிலும் விடுகிற ஈரம் தொழுவுக்குள்ளேயே தங்கிவிடும். இட்லிக் கொப்பரைக்குள் மாட்டைக் கட்டிய மாதிரிதான்.

அதனால் நேரம் பார்த்துச் செய்யுங்கள். முற்பகலில் மேல்காற்று வறண்டு அடிக்கிறவரை சாக்கு இருக்கட்டும். கடல்காற்று திரும்பி உடம்பு பிசுபிசுத்ததும் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். அதன்பின் வேலை மின்விசிறிக்கு. தோல்வரை நனையும்படி ஓரிரு நிமிடம் தெளித்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் விசிறியை ஓடவிட்டு உலரவிடுங்கள். உலர்ந்தபின் மறுபடி தெளியுங்கள். மயிர் நுனியில் மட்டும் பனித்துளி மாதிரி நின்றால் போதாது. பலன் தெரிய விலாவைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் போனால் மாடு தவிக்கிறது என்று அர்த்தம். சமவெளிக்கென்று பரப்பப்பட்ட ஜெர்சி கலப்புப் பசுக்களில் இந்த எண்ணிக்கை எளிதாக எகிறும். வைக்கோலை ராத்திரிக்குத் தள்ளிவையுங்கள். நார்த்தீனி செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே சூடு கிளம்பும்.

மற்றக் கேள்விகள்.

எருமை? வியர்வைச் சுரப்பி குறைவு, தோல் கறுப்பு. குட்டையில் கிடக்க விடுங்கள், சேறு தண்ணீரைவிட நேரம் கழித்துத்தான் உலரும்.

கன்னி ஆடும் வேம்பூர் ஆடும்? இந்த வெயிலுக்கே பிறந்தவை. மேய்ச்சலைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டால் போதும்.

கோழி? அதற்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இளைத்தே சூட்டை விடுகிறது, அதில் ரத்தத்தின் கரியமில வாயு குறைந்து முட்டை ஓடும் மெலிகிறது. கூட்டம் குறையுங்கள், காற்றை விடுங்கள்.

நாய்க்கு மொட்டை? வேண்டாம், மயிர் வெயிலையும் மறைக்கிறது.

தகரக் கூரை? மேலே கிடுகு, அல்லது சுண்ணாம்பு.

மயங்கி விழுந்தால்? தெளித்து உலரவிடும் சிக்கனமெல்லாம் அப்போது செல்லாது. தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே 1962-க்குப் போன் செய்யுங்கள்.

இழப்பீடு? 2023 டிசம்பர் வெள்ளத்தில் பலியான பசு, எருமைக்கு அரசு அறிவித்தது 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் அறிவித்தபோது பெரிதாகப் பேசப்பட்டது மனிதர் இறந்தால் தரும் 4 லட்சம்தான். எனவே அரசை மட்டும் நம்பி இராமல் மாட்டுக்குக் காப்பீடு எடுத்துவையுங்கள். காதில் போட்ட வில்லை விழுந்துவிட்டால் உடனே மாற்றுப் போடுங்கள். வில்லையும் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் பணம் வராது.