சிந்தெடிக் ஆயிலுக்கு மாறினா வண்டிக்கு என்ன லாபம்?

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்: "மினரல் போதுமா, சிந்தெடிக் ஊத்தவா சார்?" விலை வித்தியாசம் சும்மா இல்லை. அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

மினரல் ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அதில் மூலக்கூறுகள் சிறிசும் பெரிசுமாய்க் கலந்து கிடக்கும், கூடவே கொஞ்சம் மெழுகு. சிறிசு சூட்டில் ஆவியாகும், மெழுகு குளிரில் கெட்டிப்படும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதனால் குளிரிலும் ஓடும், சூட்டிலும் சீக்கிரம் கெடாது.

லேபிளில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்பெல்லாம் சிந்தெடிக் என்றால் சின்ன மூலக்கூறுகளைக் கோத்து வேதியியல் முறையில் உருவாக்கிய எண்ணெய். பிறகு கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையே ஹைட்ரஜன் கொண்டு உடைத்துத் தயாரித்த எண்ணெயை காஸ்ட்ரால் அதே பெயரில் விற்றது. மொபில் புகார் செய்தது. 1999-ல் அமெரிக்க விளம்பரத் தர அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆகவே இன்று டப்பாவில் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று இருப்பதை வைத்து உள்ளே எந்த வகை எண்ணெய் என்று சொல்லிவிட முடியாது.

சரி, நிஜமாவே நல்லதா? அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. அமைப்பு 2017-ல் செய்த ஆய்வகச் சோதனைகளில் சிந்தெடிக் சராசரியாக 47 சதவீதம் மேலாக இருந்தது. ஆனால் இது எண்ணெயின் மதிப்பெண். என்ஜின் ஆயுள் 47 சதவீதம் கூடும் என்று அர்த்தம் இல்லை.

பெரிய லாபம் உறைபனி ஊர்களுக்குத்தான். ஸ்டார்ட் செய்த அந்தச் சில நொடிகளில் எண்ணெய் மேலே ஏறாவிட்டால் தேய்மானம் அதிகம். காலையிலேயே 25 டிகிரி இருக்கும் சென்னையில் அந்தக் கவலை கிடையாது. நமக்குப் பிரச்சினை சூடுதான். டர்போ வண்டியை ஓட்டி வந்து சட்டென்று நிறுத்தினால், டர்போவின் பேரிங்கில் நிற்கும் எண்ணெய் கருகும். அங்கே சிந்தெடிக் காசுக்குத் தகுந்த வேலை செய்யும். மலைப்பாதை, பாரம் இழுப்பது, மணிக்கணக்கில் டிராஃபிக் இதெல்லாமும் அப்படியே.

மைலேஜ் பெரிசா ஏறும்னு நம்பாதீங்க. அதை அதிகம் தீர்மானிப்பது ஆயிலின் தடிமன் கிரேடு. இரண்டு வகையும் கலந்தால் என்ஜின் கெட்டுப்போகும் என்பதும் கட்டுக்கதைதான்.

என் முடிவு இதுதான். மேனுவலில் 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய கிரேடு போட்டிருந்தாலோ, டர்போ இருந்தாலோ சிந்தெடிக்கே ஊத்துங்க. டர்போ இல்லாத பழைய வண்டி, மேனுவலும் மினரலை அனுமதிக்கிறது என்றால், அதையே நேரம் தவறாமல் மாற்றினால் போதும். நாள் கடந்த சிந்தெடிக்கை விட நேரத்துக்கு மாற்றிய மினரல் மேல்.