கரையோரக் கடலில் சுறாவை நிழற்படம் எடுத்தல்

நவி மும்பையைச் சேர்ந்த நெருளின் கரையில் நின்று தாணே கழியை நோக்குவோர்க்கு நீரின் உள்ளே யாதொன்றும் புலப்படுவதில்லை. வேலியேற்றமும் வற்றமும் நாள்தோறும் இருமுறை சேற்றைக் கிளறிவிடுகின்றன. முழ ஆழத்தில் அமிழ்த்திய கையும் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆயினும் இக்கழி சென்று கலக்கும் மும்பைக் கடலில் சுறாக்கள் இல்லாமல் இல்லை. தட்டை மூக்குடைய சிறிய சுறா இனமொன்று, நீரோட்டத்திற்கு எதிராகக் கட்டப்படும் டோல் வலைகளில் நெடுங்காலமாக அகப்பட்டு வருகிறது. மீன் அங்காடியில் அதைக் கண்டவர் பலர். அது நீரில் நீந்தும் காட்சியைக் கண்டவர் அரியர். கரையோரக் கடலில் நிழற்படம் எடுக்க முற்படுவோர்க்கு முதற் பகை சுறாவின் பல் அன்று, கலங்கிய நீரே ஆகும்.

நீரினுள் நிழற்படம் எடுக்கும் முயற்சி மிகப் பழையது. 1856-ஆம் ஆண்டில் வில்லியம் தாம்சன் என்னும் ஆங்கிலேயர் வெய்மத் விரிகுடாவில் படகிலிருந்து காமிராவைக் கடலடிக்கு இறக்கி ஒரு மங்கலான படத்தைப் பெற்றார். 1893-இல் பிரான்ஸ் நாட்டு உயிரியலார் லூயி பூத்தான், தாமே மூழ்குடை அணிந்து கடலில் இறங்கிப் படமெடுத்தார். அந்நாளில் ஒரு படத்திற்கு அரைமணி நேரம்கூடத் தகடு ஒளியேற்க வேண்டியிருந்தது. ஓடும் மீனைப் பிடிக்க அது உதவாது. சுறாக்களை நீரினுள் நேருக்கு நேர் படமெடுத்த முன்னோடிகளுள் ஆஸ்திரிய நாட்டு ஹான்ஸ் ஹாஸ் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1939-இல் கரிபியன் கடலிலும், பின்னர் செங்கடலிலும் கூண்டின் காவலின்றி இப்பணியைச் செய்தார். சுறா மனிதனைக் கண்டவுடன் பாய்ந்து கடிக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் வேரூன்றியிருந்த காலம் அது. நம் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில், மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ‘கடல்கட்டி’ எனப்படுவோர் கூலி பெற்று வந்தனர் என்பதையும் வாசகர் நினைவுகூரலாம்.

இந்தியாவில் இத்துறையில் கருதத்தக்க நிகழ்ச்சி குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் நடந்தது. வேராவல், சூத்ரபாடா, மங்ரோல் ஆகிய துறைகளை அடுத்த ஆழங்குறைந்த கடலுக்குத் திமிங்கிலச் சுறாக்கள் வருகின்றன. இப்பெயரைப் பற்றி ஒரு சொல். ‘திமிங்கிலச் சுறா’ என்பது ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. வகுப்பில் கூறினால், இது குட்டிக்குப் பாலூட்டுமோ என்று மாணாக்கர் கேட்பர். இது செவுளால் மூச்சுவிடும் மீன். மீன்களுள் யாவற்றினும் பெரியது. 12 மீட்டருக்கு மேற்பட்டனவும் காணப்பட்டுள்ளன. நம் கடற்கரையில் ‘அம்மணி உழுவை’ என்றொரு பெயர் வழங்குகிறது. அதனைப் பாடநூலில் ஏற்றியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது இதனை எழுதுவோனின் கருத்து.

இம்மீனின் பற்கள் எண்ணிக்கையில் ஆயிரக்கணக்கானவை. ஆனால் மிகச் சிறியவை. இது மிதவை உயிர்களை நீரோடு உறிஞ்சி, செவுளின் சல்லடையால் வடித்து உண்கிறது. மனிதருக்குத் தீங்கு செய்வதன்று. சௌராஷ்டிர மீனவர் இதனைத் தூண்டிலிட்டு, மிதக்கும் பீப்பாய்களைக் கட்டிக் களைப்புறச் செய்து பிடித்து வந்தமையால் அதற்குப் ‘பேரல்’ என்றே பெயரிட்டிருந்தனர். ஈரல் எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப்பட்டது. பின்னாளில் இறைச்சி ஏற்றுமதியாயிற்று. இவ்வேட்டையை மைக் பாண்டே என்பவர் படமெடுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசு இம்மீனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அவ்வட்டவணையில் இடம்பெற்ற முதல் மீன் இதுவே.

சட்டம் வேட்டையை நிறுத்தியதேயன்றி, வலையில் தானே வந்து சிக்கும் மீனை என் செய்வது என்பதற்கு விடை கூறவில்லை. மீனை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும். வலையோ மீனவனின் முதல். 2004-இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளை, குஜராத் வனத்துறை முதலியோர் தொடங்கிய இயக்கத்தில், கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, பிள்ளைப்பேற்றிற்குத் தாய்வீடு வரும் மகளுக்கு இம்மீனை ஒப்பிட்டுப் பேசினார். ‘வ்ஹாலீ’, அதாவது ‘அன்புக்குரியவள்’, என்ற புதுப்பெயர் நிலைத்தது. அறுபட்ட வலைக்கு வனத்துறை இழப்பீடு தர முன்வந்தது. ஆனால் அதிகாரியொருவர் கடலுக்குள் வந்து பார்த்துச் சான்று கூறும்வரை மீன் வலையிலேயே கிடந்து துன்புற்றது. பின்னர் மீனவரிடமே நீர்புகாக் காமிராக்கள் வழங்கப்பட்டன. மீனும் அறுபட்ட வலையும் தெரியப் படமெடுத்து, உடனே விடுவித்து, கரையில் அப்படத்தைக் காட்டினால் போதும் என்றாயிற்று. காத்திருக்கும் நேரம் நீங்கியது. நிழற்படம் ஒன்று ரசீதாகப் பயன்பட்ட இம்முறை, எளிமையில் சிறந்தது.

ஆராய்ச்சிக்கு வேண்டிய படம் சற்று வேறானது. இம்மீனின் உடலெங்கும் வெண்புள்ளிகள் உள்ளன. செவுள் பிளவுகளுக்குப் பின்னே, பக்கத் துடுப்பிற்கு மேலே அமைந்த புள்ளிகளின் வரிசை, மனிதரின் கைரேகை போல ஒவ்வொரு மீனுக்கும் தனித்தன்மை உடையது. வானியலார் இருவேறு நட்சத்திரப் படங்களை ஒப்பிட, நட்சத்திரங்களை மும்மூன்றாக இணைத்து முக்கோணங்களாக்கி, அவற்றின் வடிவ விகிதங்களைப் பொருத்திப் பார்க்கும் கணித முறையொன்றை 1986-இல் வகுத்தனர். அதனையே சுறாவின் புள்ளிகளுக்கு ஏற்றவாறு மாற்றி, அர்சூமானியன், ஹோம்பெர்க், நார்மன் ஆகிய மூவர் 2005-இல் வெளியிட்டனர். ஒரு கடலில் எடுத்த படம் பல ஆண்டு கழித்து வேறொரு கடலில் எடுத்த படத்தோடு பொருந்துமாயின், அம்மீன் அவ்வளவு தொலைவு சென்றது என்பது, அதன் உடலைத் தொடாமலே, தெளிவாகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இரா. ஆதலின் இடப்பக்கத்தைத் தவறாமல் எடுப்பது வழக்கம். களப்பணியாளர் மீனவருக்கு இதனை எடுத்துரைத்தால், இழப்பீட்டுக்கென எடுக்கும் படமே ஆராய்ச்சிக்கும் உதவும். தேதியும் இடமும் குறிக்கப்படாத படத்தால் பெரும்பயன் இல்லை.

இனி, நீரின் இயல்பு. மிதவை உயிர்கள் செறிந்த இடத்திற்கே இம்மீன் வருகிறது; அவை செறிந்த இடத்தில் நீர் பசுமை படர்ந்து மங்கியிருக்கும். இதற்கு மாற்று ஒன்றே: மீனுக்கும் லென்சுக்கும் இடையேயுள்ள நீரைக் குறைப்பது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆதலால், தட்டைக் கண்ணாடி வழியே நோக்கும்போது பொருள்கள் முக்கால் தொலைவில் இருப்பனவாகத் தோன்றும்; காட்சிப் பரப்பும் சுருங்கும். எனவே அகன்ற கோண லென்சும் குவிமாடக் கண்ணாடியும் கொள்ளப்படுகின்றன. செந்நிறம் சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடும். மின்னொளியைக் காமிராவின் அருகிலிருந்து பாய்ச்சினால், மிதக்கும் துகள்கள் அதனைத் திருப்பி வீசிப் படம் முழுவதும் வெண்பொட்டுகளாகும். அவற்றைச் சுறாவின் புள்ளிகளிலிருந்து பிரித்தறிவது கடினம். திமிங்கிலச் சுறா மேற்பரப்பிலேயே மேய்வதால் வெயிலொளியே போதுமானது. ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் மின்னொளி தடுக்கப்பட்டுள்ளது. மீனின் உடலிலிருந்து 3 மீட்டரும், வாலிலிருந்து 4 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. வாலின் வீச்சு வன்மையானது என்பதால் இது நீந்துவோரின் நன்மைக்கும் ஆனதே. வலையில் சிக்கிய மீனருகே எவரும் நீரில் இறங்கலாகாது. படகிலிருந்தபடியே காமிராவை நீட்டி எடுத்தல் வேண்டும்.

நீர் எவ்வளவு தெளிந்தது என்பதை அறிய, 1865-இல் இத்தாலிய நாட்டுப் பாதிரியார் செக்கி கையாண்ட வெண்தட்டு முறை இன்றும் போதும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்துகொள்ளலாம். உயர்நிலைப் பள்ளியில் ஒரு கண்ணாடித் தொட்டி, சில துளி பால், ஒரு கைவிளக்கு ஆகியவையே போதும். புள்ளியிட்ட அட்டையைத் தொட்டியின் பின்னே நிறுத்தி, விளக்கை முதலில் கண்ணருகே பிடித்தும், பின்னர் பக்கவாட்டில் விலக்கிப் பிடித்தும் மாணாக்கரைப் பார்க்கச் செய்க. பின்பு, அதே புள்ளிகளைச் சாய்த்தும் சிறிதாக்கியும் வரைந்த மற்றோர் அட்டையை, வேறு புள்ளிகள் கொண்ட பத்து அட்டைகளோடு கலந்து கொடுத்து, முக்கோணங்களை அளந்து இணையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்; அளவுகோலும் கோணமானியும் இருந்தால் ஒரு பாடவேளைக்குள் முடியும்.